சீரியல், ரியாலிட்டி ஷோ, குற்ற ஆவணத் தொடர்: எது எவ்வளவு நிஜம்?

"இது நடந்த கதையாக்கும்?" டிவி ஓடுகிற எந்த வீட்டிலும் யாராவது ஒருவர் இதைக் கேட்டுவிடுவார். கேள்வி சின்னதுதான், பதில் சொல்வது இப்போது அவ்வளவு சுலபமில்லை. சாயங்காலம் ஏழு மணிக்கு மாமியார் மருமகள் சீரியல், ராத்திரி பிக் பாஸ், எல்லாரும் படுத்த பிறகு போனில் ஒரு கொலை வழக்கைப் பற்றிய ஆவணத் தொடர் என்று மூன்று வேறு வேறு வகைகளை ஒரே ஆள் ஒரே நாளில் பார்த்துவிடுகிறார். மூன்றிலும் அழுகை இருக்கிறது, சண்டை இருக்கிறது, திடுக்கிட வைக்கும் அதே பின்னணி இசை இருக்கிறது, அப்புறம் எது கதை எது நிஜம் என்று எப்படிப் பிரிப்பது? நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் இது இன்னும் ஒரு சுற்று கூடுதல், ஏனென்றால் மார்த்தாண்டம், களியக்காவிளை, குலசேகரம் பக்கமெல்லாம் பல வீடுகளில் தமிழ்ச் சேனலும் மலையாளச் சேனலும் மாறி மாறி ஓடும்.

இந்த வகைகளைப் புதிதாகப் பார்க்க ஆரம்பிப்பவர்களுக்கு நான் சொல்லும் வழி ஒன்றுதான். எந்த நிகழ்ச்சியாக இருந்தாலும் நாலு விஷயத்தைத் தனித்தனியாகக் கேளுங்கள். திரையில் தெரிகிற ஆள் நிஜ ஆளா, நடிகரா? காட்டுகிற சம்பவம் நடந்ததா? பேசுகிற பேச்சு அவருடையதா, யாராவது எழுதிக் கொடுத்ததா? நமக்குக் காட்டுகிற வரிசையில்தான் அது நடந்ததா? முதல் மூன்றுக்கும் பதில் சீக்கிரம் கிடைத்துவிடும். நாலாவதுதான் கவனிக்க வேண்டியது, அதை யாரும் கேட்பதே இல்லை.

சீரியலில் தொடங்கலாம், அதுதான் எளிது. ஆள் நடிகர், சம்பவம் கற்பனை, பேச்சு வசனகர்த்தா எழுதியது, வரிசை இயக்குநர் போட்டது. ஒளிவுமறைவே இல்லை. இந்தியாவில் இதைத் தொடங்கி வைத்தது 1984-ல் தூர்தர்ஷனில் வந்த ஹம் லோக். 1993 ஏப்ரல் 14-ல் சன் டிவி வந்தது, அதே வருடம் கேரளத்தில் ஆசியாநெட்டும் வந்தது, அதற்குப் பிறகு சீரியல் நம் வீட்டு நேரத்தையே மாற்றிவிட்டது. 1999-ல் ராதிகா நடித்த சித்தி தொடங்கியபோது அந்த அரை மணி நேரம் தெருவே அடங்கிக் கிடந்ததை அன்றைக்குப் பார்த்தவர்கள் இன்றும் சொல்வார்கள். 2003-ல் தொடங்கிய கோலங்கள் 1500 பாகங்களையும் தாண்டி 2009 வரை ஓடியது.

ஏன் இப்படி இழுக்கிறார்கள் என்று எல்லாரும் கேட்கிறார்கள். காரணம் டிஆர்பி. பார்க் (BARC) என்கிற நிறுவனம் தேர்ந்தெடுத்த வீடுகளில் மீட்டர் வைத்து, யார் எந்தச் சேனலைப் பார்க்கிறார்கள் என்று கணக்கெடுத்து வாரா வாரம் வியாழக்கிழமை வெளியிடுகிறது. அந்த எண் நன்றாக இருந்தால் கதை முடியவே முடியாது, முடிய வேண்டிய கல்யாணம் நின்றுபோகும், செத்தவர் திரும்பி வருவார். எண் விழுந்தால் திடீரென்று ஒரே வாரத்தில் எல்லாரும் திருந்திக் கதை முடிந்துவிடும். விளம்பரம் ஒரு மணி நேரத்துக்கு 12 நிமிடத்துக்கு மேல் போகக்கூடாது என்று விதி இருக்கிறது, ஆக அரை மணி நேர சீரியலில் கதைக்கு மிஞ்சுவது இருபத்துச் சொச்சம் நிமிடம், அதிலும் நேற்று நடந்ததின் மறுகாட்சி கொஞ்சம் போய்விடும்.

இரண்டு மொழிச் சேனலும் பார்க்கும் நம்மவர்களுக்கு இங்கே ஒரு வசதி உண்டு. விஜய் டிவியில் 2018-ல் தொடங்கிய பாண்டியன் ஸ்டோர்ஸை 2020-ல் ஆசியாநெட்டில் சாந்த்வனம் என்ற பெயரில் எடுத்தார்கள். மளிகைக் கடை நடத்தும் அண்ணன் தம்பிகள், கூட்டுக் குடும்பம், மூத்த அண்ணி, எல்லாம் அதேதான். ஒரே கதையை இரண்டு வீட்டுச் சமையலறையில் வைத்துப் பார்க்கலாம், எந்த இடத்தில் அழ வைக்கிறார்கள், எந்த இடத்தில் நிறுத்தி நாளைக்கு வரச் சொல்கிறார்கள் என்பது பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது பளிச்சென்று தெரிந்துவிடும்.

இணையம் வழியாகப் பார்க்கும் ஓடிடி தளங்களில் வரும் வெப் சீரிஸும் நாடகம்தான், ஆனால் முடிவு வரை எழுதிவிட்டு எடுப்பது. 2022-ல் அமேசான் பிரைமில் வந்த சுழல் 8 பாகம், புஷ்கர் காயத்ரி உருவாக்கியது. இதைச் சொல்லக் காரணம், குற்றம் வந்தாலே அது உண்மைக் குற்றத் தொடர் என்று நினைப்பவர்கள் நிறையப் பேர். போலீஸ் ஸ்டேஷன், காணாமல் போன பெண், விசாரணை எல்லாம் இருந்தாலும் சுழல் முழுக்கக் கற்பனை, அதில் வரும் ஊரையும் உருவாக்கித்தான் எடுத்தார்கள்.

நாடகத்துக்கும் நிஜத்துக்கும் நடுவில் நிற்கும் வகை ஒன்று உண்டு, "உண்மைச் சம்பவத்தைத் தழுவியது" என்று தொடக்கத்தில் போடுவார்களே, அது. 2019-ல் வந்த டெல்லி கிரைம் 2012-ல் டெல்லியில் ஓடும் பஸ்ஸில் நடந்த கூட்டுப் பாலியல் வன்கொடுமையை அடிப்படையாகக் கொண்டது. சம்பவம் நிஜம், விசாரணையின் எலும்புக்கூடும் நிஜம், ஆனால் பேசுகிறவர்கள் நடிகர்கள், பேச்சு எழுதப்பட்டது. 2020-ல் அதற்கு சர்வதேச எம்மி விருது கிடைத்தது, அதுவும் சிறந்த நாடகத் தொடர் என்ற பிரிவில். அதைப் பார்த்துவிட்டு அந்த வழக்கே நமக்குத் தெரியும் என்று பேசக்கூடாது.

சரி, ரியாலிட்டிக்கு வருவோம். இங்கே ஆள் நிஜம். உணர்ச்சியும் பெரும்பாலும் நிஜம். சூழ்நிலை மட்டும் ஏற்பாடு செய்தது. இதன் பழைய தொடக்கத்தை 1973-ல் பார்க்கலாம், அமெரிக்காவின் பிபிஎஸ் சேனல் ஒரு சாதாரணக் குடும்பத்தின் வீட்டுக்குள் கேமராவோடு போய் அவர்கள் வாழ்க்கையை 12 பாகமாக ஒளிபரப்பியது, கணவன் மனைவி பிரிய முடிவெடுப்பதும் கேமரா முன்னாலேயே நடந்தது. ஆனால் இன்று நாம் பார்க்கிற மாதிரியான ஆட்டம் 1999 செப்டம்பரில் நெதர்லாந்தில் பிக் பிரதர் என்ற பெயரில் தொடங்கியது, ஜான் டி மோல் என்ற தயாரிப்பாளரின் யோசனை. அதையே 2006-ல் இந்தியில் பிக் பாஸ் ஆக்கினார்கள், தமிழில் 2017 ஜூன் 25-ல் கமல்ஹாசன் தொகுத்து வழங்கத் தொடங்கியது, 2024-ல் அந்த இடத்துக்கு விஜய் சேதுபதி வந்தார். மலையாளத்தில் 2018-ல் மோகன்லாலோடு வந்தது. மலையாள பிக் பாஸ் வீடு கேரளத்தில்தான் இருக்கும் என்று இங்கே பலரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள், ஆனால் 2021-ல் கொரோனா சமயத்தில் சென்னைக்குப் பக்கத்தில் இவிபி ஃபிலிம் சிட்டியில் இருந்த அந்த அரங்கத்தைத் தமிழக அதிகாரிகள் சீல் வைத்தபோதுதான் வீடு எங்கே இருக்கிறது என்பது ஊருக்கெல்லாம் தெரிந்தது. ஒரு அரங்கம், மேலே விளக்கு, கண்ணாடிக்குப் பின்னால் கேமராக்காரர்கள். "வீடு" என்பதும் ஏற்பாடு செய்ததுதான்.

எல்லா ரியாலிட்டியும் ஒரே ரகம் இல்லை. 2006-லிருந்து வரும் சூப்பர் சிங்கர், 2019-ல் வந்த குக் வித் கோமாளி மாதிரி ஆட்டங்களில் திறமையும் கலகலப்பும்தான் சரக்கு. நடுவர் முன்னால் நிற்பதற்கு முன்பே ஒரு குழு வடிகட்டிவிட்டுத்தான் அனுப்பும் என்பதை மட்டும் தெரிந்துகொண்டு பார்த்தால் போதும், அங்கே யாருக்கும் பெரிய கெடுதல் இல்லை. 2021-ல் ஜீ தமிழில் அர்ஜுன் வழங்கிய சர்வைவர் மாதிரி, ஆளைக் கொண்டுபோய் ஒரு தீவில் விட்டுப் பசியோடு போட்டி போட வைப்பது இன்னொரு வகை. நீயா நானா மாதிரி விவாத மேடை வேறொன்று.

எனக்கு மனசு ஒப்பாத வகை, குடும்பத் தகராறைக் கேமரா முன்னால் பஞ்சாயத்து செய்வது. ஜீ தமிழில் 2011-ல் தொடங்கிய சொல்வதெல்லாம் உண்மை அப்படிப்பட்டது, 2018-ல் உயர் நீதிமன்றம் அதற்கு இடைக்காலத் தடை போட்டது. அந்த மாதிரி மேடைகளில் வந்து உட்கார்ந்தவர்கள் யார் என்று பாருங்கள், பெரும்பாலும் வக்கீலுக்குக் கொடுக்கக் காசில்லாதவர்கள், கோர்ட் வாசலை மிதிக்கப் பயந்தவர்கள். ஒரு மணி நேரம் ஊரே அவர்கள் வீட்டு அந்தரங்கத்தைப் பார்த்துவிடும், மறுநாள் அவர்கள் அதே தெருவில்தான் தண்ணீர் பிடிக்கப் போக வேண்டும், அவர்கள் பிள்ளை அதே பள்ளிக்கூடத்துக்குத்தான் போக வேண்டும். நிகழ்ச்சி முடிந்துவிட்டது என்பது நமக்குத்தான்.

இப்போது அந்த நாலாவது கேள்வி, வரிசை. பிக் பாஸ் வீட்டில் 24 மணி நேரமும் கேமரா ஓடுகிறது, ராத்திரி நமக்குக் காட்டுவது ஒரு மணி நேரம். குளச்சலில் கரையேறும் வலையில் எல்லா மீனும் இருக்கும், ஏலத்துக்கு எது கூடைக்கு மேலே தெரிய வேண்டும் என்பதை ஆள்தான் முடிவு செய்கிறான், படத்தொகுப்பும் அப்படித்தான். ஒரு காட்சியைப் பக்கத்தில் போய்ப் பார்ப்போம். ஒருவர் தனி அறையில் உட்கார்ந்து "நான் அவளை நம்பி ஏமாந்துட்டேன்" என்கிறார். உடனே அந்தப் பெண்ணின் முகம் தெரிகிறது, உதட்டைச் சுழித்துக் கண்ணை மேலே உருட்டுகிறாள். பார்க்கிற நமக்குக் கோபம் பொத்துக்கொண்டு வருகிறது. ஆனால் இரண்டு பேரும் ஒரே ஃபிரேமில் சேர்ந்து தெரிந்தார்களா? இல்லை. அவள் கண்ணை உருட்டியது காலையில் காபி ஆறிப்போனதற்காகவும் இருக்கலாம். அந்த மாதிரி நேரத்தில் கம்மலைப் பாருங்கள், தலைமுடி கட்டியிருக்கிறதா விரிந்திருக்கிறதா என்று பாருங்கள், மேசையில் இருக்கும் டம்ளரில் தண்ணீர் எவ்வளவு என்று பாருங்கள். முந்தின ஃபிரேமில் பாதி டம்ளர், அடுத்ததில் நிறைந்த டம்ளர் என்றால் இரண்டும் ஒரே நேரத்தில் எடுத்தது இல்லை. அதேபோல ஒருவர் பேசிக்கொண்டிருக்கும்போது வாய் தெரியாமல் குரல் மட்டும் கேட்கும் இடம் வரும், திரையில் அப்போது வேறு எதையோ காட்டுவார்கள், இரண்டு வாக்கியங்களை வெட்டி ஒட்டுவதற்குத் தோதான இடம் அதுதான். ஒட்டியிருக்கிறார்கள் என்று உடனே முடிவு கட்ட வேண்டாம், ஒட்டியிருக்க முடியும் என்று ஞாபகம் இருந்தால் போதும், முகம் தெரியாத ஒரு பெண்ணைத் திட்டி கமெண்ட் போடுவதற்கு முன்னால் கை கொஞ்சம் நிற்கும்.

கடைசியில் உண்மைக் குற்றத் தொடர்கள். இதில் ஆளும் நிஜம், சம்பவமும் நிஜம், செத்தவரும் நிஜம். இதைச் சொல்லும் முறையில் பல உண்டு. தமிழில் நமக்கு முதலில் பழகியது விஜய் டிவியின் நடந்தது என்ன? குற்றமும் பின்னணியும் மாதிரி ராத்திரி நேர நிகழ்ச்சிகள், நிருபர் சம்பவ இடத்துக்கே போய் நின்று பேசுவார், நடந்ததை நடிகர்களை வைத்து நடித்துக் காட்டுவார்கள், திரையின் ஓரத்தில் "சித்தரிக்கப்பட்டவை" என்று சின்ன எழுத்தில் வரும். அந்தச் சின்ன எழுத்து முக்கியம். இருட்டில் கத்தியோடு நடந்துவரும் அந்த ஆளை யாரும் படம் எடுக்கவில்லை, அவர் அப்படி நடந்தார் என்பது யாரோ ஒருவர் சொன்னது, பெரும்பாலும் போலீஸ் சொன்னது. ஆனால் நம் மனதில் பதிவது அந்த நடைதான்.

ஆவணத் தொடர் இதிலிருந்து வேறு. சம்பந்தப்பட்டவர்களையே உட்கார வைத்துப் பேச வைப்பது, பழைய வீடியோ, கோர்ட் ஆவணம், போன் உரையாடல் இவற்றை வைத்துக் கதையைச் சொல்வது. பார்க்கும்போது இதைவிட நிஜம் இருக்க முடியாது என்று தோன்றும். ஆனால் இங்கேயும் அந்த நாலாவது கேள்வி வந்து நிற்கிறது. 2015-ல் எச்பிஓ என்ற அமெரிக்கச் சேனலில் தி ஜின்க்ஸ் என்று ஒரு தொடர் வந்தது, ராபர்ட் டர்ஸ்ட் என்ற அமெரிக்கப் பணக்காரரைச் சுற்றி நடந்த மரணங்களைப் பற்றியது. பேட்டி முடிந்து கழிவறைக்குப் போனவர் சட்டையில் மைக் இருப்பதை மறந்து தனக்குத்தானே முணுமுணுக்கிறார். "நான் என்னத்தைச் செய்துவிட்டேன்? எல்லாரையும் கொன்றேன், வேறென்ன" என்ற பொருளில் அந்த முணுமுணுப்போடு தொடர் முடிகிறது. உலகமே அதிர்ந்துபோனது. 2019-ல் முழு ஒலிப்பதிவின் எழுத்து வடிவம் நீதிமன்ற ஆவணங்கள் வழியாக வெளியே வந்தபோது தெரிந்தது, அந்த இரண்டு வாக்கியங்களும் அடுத்தடுத்து வரவில்லை, வரிசையும் அப்படி இல்லை. கொன்றேன் என்பது முன்னால், நடுவில் வேறு என்னென்னவோ பேச்சு, கேள்வி கடைசியில். பேச்சு அவருடையதுதான், குரலும் அவருடையதுதான், அதைக் கேள்வியும் பதிலுமாக ஆக்கியது படத்தொகுப்பு. டர்ஸ்ட் 2021-ல் ஒரு கொலைக்காகத் தண்டிக்கப்பட்டார், 2022 ஜனவரியில் இறந்தார். அவர் குற்றவாளி என்பதால் அந்த வெட்டி ஒட்டல் சரியாகிவிடுமா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. நாளைக்கு இதே முறையில் ஒரு நிரபராதியையும் பேச வைக்கலாம்.

இந்தியாவில் இந்தத் தொடர்களைப் பார்ப்பவர்கள் கொஞ்சம் சட்டமும் தெரிந்துவைத்திருக்க வேண்டும், நிறைய வேண்டாம். "போலீசில் குற்றத்தை ஒப்புக்கொண்டார்" என்று தொடரில் கனத்த குரலில் சொல்வார்கள், நாம் வழக்கே முடிந்தது என்று நினைத்துவிடுவோம். போலீஸ் அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தை அவருக்கு எதிரான சாட்சியமாக நீதிமன்றம் எடுத்துக்கொள்ளாது. முன்பு சாட்சியச் சட்டத்தின் 25-வது பிரிவு, 2024 ஜூலை 1 முதல் அதற்குப் பதிலாக வந்திருக்கும் பாரதிய சாக்ஷ்ய அதிநியமில் 23-வது பிரிவு. அவர் சொன்ன தகவலால் ஒரு பொருள் கண்டெடுக்கப்பட்டால் அந்த அளவுக்கு மட்டும் செல்லும். அடித்து வாங்கிய வாக்குமூலத்தில் யாரும் தூக்கில் தொங்கிவிடக் கூடாது என்பதற்கான பாதுகாப்பு இது. அதேபோல பாலியல் வன்முறைக்கு ஆளானவரின் பெயரையோ அடையாளத்தையோ வெளியிடுவது குற்றம், சிறுவர் சம்பந்தப்பட்ட வழக்குகளிலும் அப்படித்தான். முகத்தை மங்கலாக்கிவிட்டு வீட்டு வாசலையும் தெருமுனைக் கடையையும் தெளிவாகக் காட்டினால் அந்த ஊர்க்காரர்களுக்கு மங்கல் எதற்கு?

இன்னொரு சிக்கல், தீர்ப்பு வருவதற்கு முன்பே தொடர் வந்துவிடுவது. மகளைக் கொன்றதாகக் குற்றம் சாட்டப்பட்ட இந்திராணி முகர்ஜியைப் பற்றிய நெட்ஃபிளிக்ஸ் தொடரை, வழக்கு நடந்துகொண்டிருக்கிறது என்று சொல்லி நிறுத்தக் கேட்டு சிபிஐ பம்பாய் உயர் நீதிமன்றத்துக்குப் போனது. நீதிபதிகள் தொடரைப் பார்த்துவிட்டு, தடுக்கக் காரணமில்லை என்று மனுவைத் தள்ளினார்கள், 2024 பிப்ரவரி 29-ல் அது வெளியானது. கோழிக்கோடு கூடத்தாயியில் 2002 முதல் 2016 வரை ஒரே குடும்ப வட்டத்தில் 6 பேர் இறந்த வழக்கைப் பற்றிய ஆவணப்படமும் 2023 டிசம்பரில் விசாரணை முடியாத நிலையிலேயே வந்தது. இப்படிப்பட்ட தொடரைப் பார்க்கும்போது அதில் வருபவர் குற்றம் சாட்டப்பட்டவரா, தண்டிக்கப்பட்டவரா என்று கடைசியில் வரும் எழுத்துகளை நின்று படியுங்கள், நிறையப் பேர் அந்த இடத்தில்தான் எழுந்து போகிறார்கள்.

இது நமக்குத் தூரத்து விஷயமும் இல்லை. நம் எல்லைப் பக்கத்தில் நடந்த வழக்குகள் தமிழ், மலையாளம் இரண்டு சேனல்களிலும் நாள்கணக்கில் ஓடியதைப் பார்த்திருக்கிறோம். திரையில் தெரியும் அந்த ரோடு நாம் பஸ்ஸில் போகிற ரோடு. அந்தக் குடும்பங்களை இங்கே நான் பெயர் சொல்லப் போவதில்லை. சென்னையிலோ கொச்சியிலோ உட்கார்ந்து பார்ப்பவருக்கு அது ஒரு பாகம், இங்கே அந்த வீட்டு அம்மா சந்தைக்கு வந்தால் மீன்காரி முதல் ஆட்டோக்காரர் வரை எல்லாரும் திரும்பிப் பார்க்கிறார்கள், குற்றம் செய்யாத உறவுக்காரர்களுக்கும் அந்தப் பார்வையிலிருந்து தப்ப முடியாது. செத்தவரைப் பற்றி தொடர் எவ்வளவு நேரம் பேசுகிறது, கொன்றவரைப் பற்றி எவ்வளவு நேரம் பேசுகிறது என்பதை வைத்தே நல்ல ஆவணத் தொடரையும் மட்டமானதையும் நான் பிரிக்கிறேன்.

வீட்டில் பிள்ளைகள் இருந்தால் ஓடிடியில் தொடங்கும்போது மூலையில் வரும் வயதுக் குறியீட்டைப் பாருங்கள். 2021-ல் வந்த விதிகளின்படி எல்லாருக்குமானது யு, அதற்குப் பிறகு யு/ஏ 7+, 13+, 16+, பெரியவர்களுக்கு மட்டும் என்றால் ஏ. குற்றத் தொடர்கள் பெரும்பாலும் கடைசி இரண்டில் வரும். கூடவே காரணமும் போட்டிருப்பார்கள், வன்முறை, கெட்ட வார்த்தை, தற்கொலை என்று. தற்கொலை என்று இருந்தால் வளரும் பிள்ளைகளைத் தனியாகப் பார்க்க விடாதீர்கள்.

எதில் தொடங்கலாம் என்று கேட்டால் வீரப்பனைப் பற்றிய இரண்டு தொடர்களைச் சொல்வேன். இரண்டும் 2023-ல் வந்தவை, 2004 அக்டோபர் 18-ல் சுட்டுக் கொல்லப்பட்ட அதே மனிதரைப் பற்றியவை. ஆகஸ்டில் நெட்ஃபிளிக்ஸில் வந்த தி ஹன்ட் ஃபார் வீரப்பன் தொடரில் வீரப்பனின் மனைவி முத்துலட்சுமியும் பேசுகிறார், வீரப்பனைத் தேடிய அதிகாரிகளும் பேசுகிறார்கள். டிசம்பரில் ஜீ5-ல் வந்த கூச முனிசாமி வீரப்பன் தொடரில் நக்கீரன் பத்திரிகை எடுத்த பழைய வீடியோ வழியாக வீரப்பனே உட்கார்ந்து தன் கதையைச் சொல்கிறார். இரண்டையும் அடுத்தடுத்துப் பாருங்கள். யார் எவ்வளவு நேரம் பேசுகிறார்கள், ஒரே சம்பவம் ஒன்றில் எங்கே வருகிறது, இன்னொன்றில் எங்கே வருகிறது, காட்டை ஒட்டிய கிராமத்து மக்களுக்கு எதில் அதிக இடம் கிடைத்திருக்கிறது என்று ஒரு தாளில் குறித்துக்கொண்டே பாருங்கள்.